மூன்று படிக்கு ஒரு கைப்பிடி

நைனா,

இன்று காலை வெல்டிங் பட்டறையில் ஏழுமலை ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். மூடியை நெம்பி எடுத்ததும் அந்த வாசனை வந்தது. உன் சட்டை, உன் தலைமுடி, உன் சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றிலும் இருந்த வாசனை. சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் இப்படித்தான் மணப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் அப்பா ஒரு நாள் என்னைத் தூக்கி ரிக்‌ஷாவில் உட்கார வைத்தார். அவர் மேல் வெறும் பவுடர் வாசனை. இவரெல்லாம் என்ன அப்பா என்று தோன்றியது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. பட்டறை அப்படியேதான் இருக்கிறது. வாசலில் பாதி முடிந்த கேட் ஒன்று சாய்ந்து நிற்கிறது. மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகின்றன. ராஜகிரிக் கோட்டை மலை அதே இடத்தில் நிற்கிறது, வேறு எங்கே போகும். நடத்துவது ஏழுமலை. இருபத்திரண்டு வருடம் உன்னோடு வேலை செய்தவனுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

"இன்னாக்கா, திண்டிவனத்துல இருந்து காலங்காத்தால வந்துட்ட? சாப்டியா?"

"ஆச்சு. எனக்கு ஒரு கைப்பிடி வேணும் ஏழுமல. வூட்டுக்குப் பின்னாடி அந்த மூணு படிக்கு."

அவன் கையிலிருந்த பிரஷ்ஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"யாரோட கைக்கா?" என்றான்.

உன் கேள்வி அது. செஞ்சியில் எத்தனையோ பட்டறை இருக்கிறது. கைப்பிடி என்று கேட்டால் எல்லாரும் பொதுவாக ஒரு உயரம் வைத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நீ மட்டும்தான் ஆளைக் காட்டச் சொல்வாய். ஆள் வர முடியாது என்றால் நீயே கிளம்பிவிடுவாய்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். முழுப்பரீட்சை லீவு. மொபெட்டில் உன் பின்னால் உட்கார்ந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வல்லம் வரை வந்தேன். நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைக்கிற வீடு. அங்கிருந்த பெரியவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மகன் அவசரக்காரன். "நீயே ஒரு அளவு வெச்சிப் போட்டுடு மேஸ்திரி, எனக்கு வயல்ல ஆள் நிக்குது" என்றான். "கம்பி உனக்கா, அவருக்கா?" என்று நீ கேட்டாய். பெரியவர் கூழ் குடித்து முடிக்கிற வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம்.

"செருப்பு போட்டுக்குங்க பெரியவரே. நீங்க எப்பிடி நடப்பீங்களோ அப்பிடி நில்லுங்க. கைய சும்மா தொங்க வுடுங்க. தூக்காதீங்க."

அவருடைய மணிக்கட்டு எலும்பு எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. அவ்வளவுதான் உன் அளவு. வரும் வழியில் நான் கேட்டேன், ஏன் நைனா அவரைக் கையைத் தூக்க வேண்டாம் என்றாய் என்று. "வுழப்போற மனுசன் கைய தூக்கிக் கம்பிய தேடிக்கினு இருப்பானா? கம்பிதான் கைகிட்ட வந்து நிக்கணும்" என்றாய். ஊருக்கெல்லாம் இத்தனை யோசித்தவன் நீ. அதனால்தான் உன் மேல் எனக்கு அத்தனை கோபம்.

மேல்சித்தாமூர் வியாபாரியை நினைவிருக்கிறதா? சமண வீடு, பெரிய வீடு. அறுபதுதான் இருக்கும் அவருக்கு. சைக்கிளில் வந்து சைக்கிளில் போவார். படிக்கும் பாத்ரூமுக்கும் கைப்பிடி வேண்டும் என்றார். யாரோட கை என்று நீ கேட்டதற்குத் தன் கையையே நீட்டினார். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்களுக்கு இன்னாத்துக்கு முதலாளி இப்பவே?" என்றாய். அவர் நிதானமாகச் சொன்னார், "வேணும்னு ஆன பொறவு போட்டா, ஐயோ வேணும்னு ஆயிடுச்சேன்னு மனசு கெட்டுடும் மேஸ்திரி. இப்பவே போட்டுட்டா அது வெறும் கம்பி. துண்டு காயப் போட்டுக்கலாம்."

ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கதைதான். "கடப்பாரை கணக்கா இருக்காரு, கைப்பிடி கேக்கறாரு!" அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

உன்னைப் பொறுத்தவரை முதுமை என்பது பட்டறைக்கு ஆர்டர் கொடுக்க வருகிற யாரோ ஒரு வெளியூர்க்காரன். வந்தால் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அளவு எடுத்து அனுப்பிவிடலாம். உன் வீட்டு விலாசம் அவனுக்குத் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தாய். கண்ணுக்கு டாக்டரிடம் போகவில்லை, தேர்த் திருவிழாவில் நடைபாதைக் கடையில் நாலு கண்ணாடியைப் போட்டுப் பார்த்து ஒன்றை வாங்கிக்கொண்டாய். பிபி மாத்திரையைக் கேட்டால், "டென்ஷன் ஆனாதான் பிபி. நீ போன் பண்ணாத, எனக்குப் பிபி வராது" என்பாய். நான் வாங்கி வந்த நாலு கால் ஊன்றுகோல் மொட்டை மாடியில் குரங்கு ஓட்டப் பயன்பட்டது. அதிலும் ஒரு பெருமை, நாலு காலும் ஒரே நேரத்தில் சத்தம் போடுகிறது, குரங்கு பயப்படுகிறது என்று!

அம்மா உனக்குச் சரியான ஜோடி. கேஸ் புக் பண்ணத் தெரியாது, பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. போனில் பச்சையை அமுக்கினால் பேசலாம், அதோடு சரி. கற்றுக்கொள் என்றால், "உங்க நைனா பாத்துப்பாரு" என்பாள். நைனாவுக்கு ஒன்று ஆனால் என்று கேட்டால், "வாயக் கழுவுடி" என்பாள். உங்கள் இரண்டு பேருக்கும் வயதாகும் என்று யாருமே சொல்லவில்லையா என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வீர்கள்.

அந்த மூன்று படி மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சமையல்கட்டு தாண்டி, தோட்டத்துப் பாத்ரூமுக்கு இறங்குகிற கருங்கல் படி. ஒவ்வொன்றும் ஒரு அடிக்குக் குறையாத உயரம். மழை பெய்தால் பாசி பிடித்துவிடும். உனக்கு அறுபத்தாறு ஆனபோது முதல்முறை கேட்டேன், ஒரு கைப்பிடி போடு நைனா என்று.

"ராஜகிரிய ஏறி எறங்கறவனுக்கு மூணு படிக்குக் கம்பியா? ஊரே சிரிக்கும்டி."

உண்மைதான், காணும் பொங்கலுக்குக் காணும் பொங்கல் பட்டறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு உச்சி வரை போய் வருவாய். எழுபத்தொன்றிலும் போனாய். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சாயங்காலம் முழுக்க வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அம்மா எனக்குப் போனில் ரகசியமாகச் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றும் சொன்னாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன்.

தொண்டூரில் ஒரு கல்யாணம். நீங்கள் இரண்டு பேரும் காலையில் கிளம்பினீர்கள். நான் திண்டிவனத்திலிருந்து ஒரு பட்டறை ஆளை வண்டியோடு கூட்டி வந்தேன். இரண்டு மணி நேர வேலை. பளபளவென்று எஸ்.எஸ். பைப்பில் கைப்பிடி. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி மின்னியது. சாயங்காலம் நீ வந்து பார்த்தால் ஒரு நாள் திட்டுவாய், பிறகு பழகிவிடும் என்று கணக்குப் போட்டேன். செஞ்சி முழுக்கக் கைப்பிடி போட்டவன் வீட்டில் வேறு ஊர்ப் பட்டறை வேலை! சமையல்காரர் வீட்டுக்கு ஓட்டல் சாப்பாடு வாங்கிக்கொண்டு போன கதை. உன் மகளாகப் பிறந்தும் அது எனக்கு உறைக்கவில்லை பார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. பட்டு வேட்டியோடு நேராகப் போய் வெல்டிங் ஜாயிண்டில் கட்டை விரலை வைத்துத் தடவினாய்.

"யாரு பத்த வெச்சது இத?"

நான் சொன்னேன்.

"எவ்ளோ ஒசரம் சொன்ன?"

"எல்லாரும் வெக்கிறதுதான் நைனா. மூணடி."

உள்ளே போய் டேப்பை எடுத்து வந்து அளந்தாய். பிறகு சத்தமே போடாமல் சொன்னாய், "இது என் கை இல்ல. உங்கம்மா கை இல்ல. உன் கையும் இல்ல. ஆளே இல்லாத கைக்கு ஒரு கம்பி."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிரைண்டர் சத்தத்தில் விழித்தேன். அறுத்துக்கொண்டிருந்தாய். பைப் நின்ற நாலு இடத்திலும் மிச்சமே தெரியாமல் கல்லோடு கல்லாகத் தேய்த்தாய். வெறும் பாதத்தை வைத்து நாலு இடத்தையும் தடவிப் பார்த்தாய். யார் காலையும் குத்திவிடக் கூடாதாம். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் போனில், "நானே போடறேன். ஆடி போவட்டும்" என்றாய்.

ஆடி போனது. ஆவணி போனது. தீபாவளிக்குள் முடித்துத் தர வேண்டிய கேட் வேலை வந்தது. ஐப்பசி மழையும் வந்தது. ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தூறலில் நீ அந்தப் படியில் விழுந்தாய்.

"சறுக்கிட்டாரு" என்று மட்டும்தான் அம்மா சொன்னாள். இடுப்பு எலும்பு. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. பிறகு கூடத்தில், நீயே பச்சைப் பெயிண்ட் அடித்த உன் இரும்புக் கட்டில். நான் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தேன். துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சி ஊட்டினேன். மனசுக்குள் ஓயாமல் திட்டிக்கொண்டும் இருந்தேன். ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பி. பெற்ற மகள் ஐந்து வருடம் கெஞ்சினாளே.

இப்போது நான் சொல்லப்போவதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏழுமலை உன்னைப் பார்க்க வந்தான். நான் கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தேன். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், அந்தப் படிக்கு ஒரு கம்பி போடணும்டா" என்றாய். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆத்திரம். "இப்பதான் உனக்கு ஞாபகம் வந்துச்சா? எந்திரிச்சி நடக்கப் போறியா நீ? யாருக்கு நைனா இனிமே கம்பி?" என்று கேட்டுவிட்டேன். படுத்துக் கிடக்கிற மனிதனைப் பார்த்து.

நீ எனக்குப் பதில் சொல்லவில்லை. அவனிடம்தான் சொன்னாய். "அளவு எடுத்தாச்சு."

டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் அழுதேன். சளி நெஞ்சில் கட்டி, நாலாம் நாள் நீ போய்விட்டாய். உன்னிடம் நான் கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதான். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்கிறாயா என்று கேட்டதெல்லாம் கேள்வியில் சேர்த்தியா என்ன.

ஏழுமலை பிற்பாடு உன் அளவு நோட்டைப் புரட்டியிருக்கிறான், பட்டறைச் சுவரில் சாக்பீஸ் கோடு எதுவும் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். ஒன்றும் இல்லை. காய்ச்சலில் உளறினாய் என்று விட்டுவிட்டோம்.

சரி, இன்றைக்கு வருகிறேன். புரட்டாசி முடியப் போகிறது, இரண்டு நாளாக மேற்கே இருட்டுகிறது. போன வாரமே அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: மழைக்கு முன்னால் படிக்குக் கைப்பிடி, இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு திண்டிவனம். "ரெண்டும் வேணாம்" என்றாள். கேட்கவா வேண்டும், உன்னோடு குடித்தனம் செய்தவள்தானே. அதனால்தான் அவளைக் கேட்காமல் பட்டறைக்குப் போனேன். இந்த முறை அளவு எடுத்துத்தான் போடுவேன், அந்த மட்டும் புத்தி வந்திருக்கிறது.

ஏழுமலை டேப்போடும் சாக்பீஸோடும் வந்தான். அம்மா பின்கட்டு வாசலில் நின்றாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு.

"அண்ணி, செருப்பு போட்டுக்கினு வந்து இந்தப் படியில நில்லுங்க."

"கம்பி வேணாம் ஏழுமல. நீ டீ சாப்டுட்டுப் போ."

"அப்ப கெளம்பு என்னோட" என்றேன் நான்.

"வரல."

"நைனா மாதிரியேதான் நீயும்! அவரு மாதிரியே ஒரு நாளு சறுக்கி வுழுந்து கெட. அதுக்கும் நான்தான் வரணும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சறுக்கி வுழல" என்றாள்.

ஏழுமலை டேப்பைக் கீழே வைத்தான்.

"தெனம் காலைல அவரு முன்னாடி எறங்கி ரெண்டாவது படியில நின்னுக்குவாரு. கைய நீட்டுவாரு. அத புடிச்சிக்கினுதான் நான் எறங்குவேன். எனக்கு முட்டி போயி ஆறு வருசம் ஆவுது. உனக்குத் தெரியாது, தெரிய வேணாம்னுட்டாரு. அன்னிக்குத் தூறல். என் காலு வழுக்குச்சி. மொத்த வெயிட்டையும் அவரு மேல போட்டுட்டேன். எனக்கு ஒரு சிராய்ப்பு இல்ல. அவரு கீழ கெடக்கறாரு. கெடந்துக்கினே சொல்றாரு, நான் சறுக்கிட்டேன்னு சொல்லு, பொண்ணுகிட்ட வேற எதுவும் சொல்லாதன்னு."

முந்தானையிலிருந்து கையை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"நான் புடிச்சதாலதான்டி அவரு போனாரு. இனிமே நான் எதையும் புடிக்க மாட்டேன். உக்காந்து உக்காந்து எறங்கிக்கிறேன்."

பத்து மாதம், நைனா! பத்து மாதமாக அவள் அந்தப் படியில் உட்கார்ந்து, நகர்ந்து, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். புடவைப் பின்பக்கம் கிழிந்திருந்ததை நான் துவைக்கும்போது பார்த்திருக்கிறேன். பழைய புடவை என்று நினைத்தேன். உன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

ஏழுமலைதான் பேசினான். முதல் படியில் உட்கார்ந்துகொண்டு, அவளை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"அண்ணி, கட்டில்ல இருக்கும்போது அண்ணே எங்கிட்ட கம்பி போடணும்னு சொன்னாரு. அளவு எடுத்தாச்சுன்னாரு. அது யாரோட அளவு?"

"எப்ப சொன்னாரு?"

"போறதுக்கு நாலு நாளு முந்தி. அக்காவும் இருந்துச்சி."

அம்மாவின் முகம் மாறியது. எதையோ எண்ணிப் பார்க்கிறவளைப் போல் நின்றாள்.

"அதுக்கு மொத நாளு..." என்றாள். "செருப்பு போட்டுக்கினு வந்து கட்டில் பக்கத்துல நில்லுன்னாரு. வூட்டுக்குள்ள செருப்பானு திட்டுனேன். போட்டுக்கினு வாடின்னாரு. ஜுரத்துல பேசறாருன்னு போயி நின்னேன். கைய தொங்க வுடுன்னாரு. மணிக்கட்ட புடிச்சிக்கினாரு. ரொம்ப நேரம் வுடல. ஆசையா புடிச்சிக்கினு இருக்காருன்னு நெனச்சேன்" என்றாள். "அப்புறம் காது குடையணும், தாலியில மாட்டி இருக்கிற ஊக்கு குடுன்னாரு. குடுத்தேன்."

ஏழுமலை எழுந்து கூடத்துக்கு ஓடினான். உன் கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அம்மா அதில் படுப்பதில்லை, பக்கத்தில் தரையில் படுக்கிறாள். தலைமாட்டுக் கம்பத்தில் நான் துண்டு போட்டு வைப்பேன். அவன் துண்டை எடுத்தான். பச்சைப் பெயிண்டில் குறுக்கே ஒரு கீறல். ஊக்கு முனையால் திரும்பத் திரும்ப இழுத்த கோடு. இரண்டு இடத்தில் வழுக்கிப் போயிருக்கிறது. ஆனால் மட்டம் சரியாக இருந்தது.

அம்மா போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டாள். மணிக்கட்டு எலும்பு அந்தக் கீறலில் வந்து நின்றது.

"அப்ப எம்மேல அவருக்குக் கோவம் இல்லியா?" என்று கேட்டாள். சின்னப் பெண் கேட்பது போல இருந்தது.

"கோவம் இருந்தா அளவு எடுப்பாராம்மா?" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் கம்பத்தை டேப் வைத்து அளந்தான்.

யாருக்கு நைனா இனிமே கம்பி என்று கேட்டேன் அல்லவா, அதற்கு நீ பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். எனக்குத்தான் அது கேட்கவில்லை. ஐந்து வருடமும் நான் உனக்கு வயதாகிவிட்டது, உனக்குக் கம்பி வேண்டும் என்றே கேட்டேன். அம்மா கைக்கு ஒன்று போட்டுக் கொடு மேஸ்திரி என்று ஒரு வாடிக்கைக்காரி மாதிரி கேட்டிருந்தால் மறுநாளே டேப்பை எடுத்திருப்பாயோ என்னவோ. தெரியவில்லை. அப்போதும் உன் கை போதும் என்றுதான் சொல்லியிருப்பாய். நீங்கள் இருவரும் எதற்கும் தயாராகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நீ, உனக்கு அவள் என்று உங்கள் கணக்கில் தயாராகத்தான் இருந்திருக்கிறீர்கள். இரண்டில் ஒரு கை இல்லாமல் போனால் மற்றது எதைப் பிடிக்கும் என்று மட்டும் விழுகிற வரைக்கும் யோசிக்கவில்லை. அதற்காக உன்னை இன்னமும் திட்டுவேன். பாசம் இருந்தால் போதுமா, ஒரு கம்பி போட்டிருக்கக் கூடாதா? ஆனால் இனிமேல் திட்டும்போது அந்தக் கீறலும் கண் முன்னால் வந்து நிற்கும்.

மத்தியானத்துக்குள் ஏழுமலை வேலையை முடித்துவிட்டான். எஸ்.எஸ். வேண்டாம், அண்ணே வெறும் இரும்புதான் போடுவார் என்று இரும்புப் பைப்பே போட்டான். நீ அறுத்துத் தேய்த்த அதே நாலு வட்டத்தில்தான் துளை போட்டு நிறுத்தினான். ஜாயிண்டை நான் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. உன் கைவேலை அவன் கையில் இருக்கிறது, கவலைப்படாதே.

ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டு, காயட்டும், நாளைக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று அவன் சாமான்களைச் சுருட்டினான். அம்மா காத்திருக்கவில்லை. மேல் படியில் வந்து நின்றாள். கையை நீட்டவில்லை, குனியவில்லை. தொங்கவிட்ட கை தானாகக் கம்பியில் போய் உட்கார்ந்தது. ஒரு படி. இரண்டாவது படியில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மூன்றாவது. கீழே போய் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். செங்காவி நிறத்தில் ஒட்டியிருந்தது. கழுவச் சொன்னேன். "இருக்கட்டும்டி" என்று சொல்லி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இப்போது மணி ஐந்து. உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா இதோடு நாலு முறை தோட்டத்துக்கு இறங்கி ஏறிவிட்டாள், அங்கே ஒரு வேலையும் இல்லை.

எனக்கு நாற்பத்தொன்பது நைனா. போன மாதத்திலிருந்து ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போது வலது முட்டியில் ஒரு சத்தம் வருகிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அதுவும் உன் ரத்தம்தான். ஏழுமலை கிளம்பும்போது அவனை நிறுத்தினேன். "எங்க வூட்டு மாடிப்படிக்கும் ஒண்ணு போடணும்" என்றேன்.

"யாரோட கைக்கா?"

என் கையை நீட்டினேன். அவன் சிரித்தான். உன்னைப் போலவே, தோளைக் குலுக்கிக்கொண்டு.

"உனக்கு இன்னாத்துக்குக்கா இப்பவே?"

"இப்ப போட்டா வெறும் கம்பிடா. துண்டு காயப் போட்டுக்கறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றேன். கையைத் தொங்கவிட்டேன். அவன் அம்மாவிடம் ஊக்கு வாங்கி, உன் கீறலுக்கு மூன்று விரல் மேலே ஒரு கோடு இழுத்தான்.

அளவு எடுத்தாச்சு, நைனா.